ஆக்கள் இரிக்கா?

2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12 ஆம் திகதி, புதன்கிழமை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தூங்கவில்லை. முற்றத்தைக் கூட்டி, கிணற்றடியை உரசிக் கழுவி, இரண்டு ரொட்டியும் சம்பலும் தின்றேன். கல்முனை பிரதான வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் அலுவலகத்தை வழமையான நேரத்துக்குத் திறந்தேன். மேசையைத் துடைத்தேன். தண்ணீர்ப் போத்தலை நிரப்பினேன். பிறகு, நான் பராமரிக்கும் இணையத்தளங்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் நேற்று விட்டபடியே இருந்தன. புதன்கிழமை அவர் வரும் நாள் என்பதால் மற்றக் கதிரையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "படத்துக்குக் கீழ பேரப் போட்டா ஆக்கள் படத்தப் பாக்க மாட்டாங்க தம்பி, பேரத்தான் பாப்பாங்க" என்று ஒருமுறை சொன்னார். அண்ணன் முறைக்கு அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிட்டேன். மருந்துக்கடைக்காரர் 'ஒப்பரேட்டர்' என்பார். சின்ன வயதில் சின்னமுத்து என்ற அம்மை வந்து கண் போனவர். அரச அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற அழைப்பை எடுத்து, கேட்கிற ஆள் கதிரையில் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லி, "ஆள் இரிக்கிறார், தாறன்" அல்லது "ஆள் இல்ல" என்று சொல்வதே அத்தனை வருடமும் அவர் செய்த வேலை. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. எந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலும் கையைத் தூக்கி நிறுத்துவார்.

"முதல்ல இதச் சொல்லுங்க. ஆக்கள் இரிக்கா, இல்லையா?"

அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் மரம், கட்டடம், கடல் எல்லாம்.

அவர் என்னிடம் செய்த வேலையை விளக்க வேண்டும். இணையத்தளத்தில் ஒரு படம் போட்டால் அதற்கு இரண்டு வாசகங்கள் எழுதுவோம். ஒன்று படத்துக்குக் கீழே எல்லாருக்கும் தெரிகிற படக்குறிப்பு. மற்றது மாற்று உரை. அது கண்ணுக்குத் தெரியாது. பார்வையில்லாதவர்களின் தொலைபேசியில் உள்ள திரைவாசிப்பான் மட்டும் அதை எடுத்து வாய்விட்டு வாசிக்கும். மூன்று மொழித் தளம் என்றால் படம் ஒன்றுதான், வாசகங்கள் மும்மூன்று. ஒரு மொழியில் திருத்தியது மற்ற மொழிக்குத் தானாகப் போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். சில வேளை போகும். பல வேளை போகாது. போகாத இடங்களைக் கண்டுபிடிக்க என் கண் உதவாது. அதற்குத்தான் காக்கா.

ஓட்டோவில் சாய்ந்தமருதிலிருந்து வருவார். படியேறும்போதே குற்றம் சொல்லத் தொடங்குவார். கீழ்க்கடையில் வாசலில் பெட்டி வைத்திருக்கிறார்கள், மேலே விசிறி சத்தம் போடுகிறது, நான் இன்றைக்குப் பேசும் குரலில் தடிமன் பிடித்துச் சளி கட்டியிருக்கிறது. கதிரையில் இருந்து, தொலைபேசியைக் காதோடு வைத்து, ஒரு தளத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கேட்பார். அவருடைய தொலைபேசி வாசிக்கிற வேகம் எனக்குப் பழகவே இல்லை. தகரத்தில் குறுணல் அரிசி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். அதில் சொல் இருக்கிறது என்றே தெரியாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே பிளேன் டீ குடிப்பார்.

பிழைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் தொழில்நுட்பப் பெயர்கள் அல்ல. வாசிக்காமல் போகிற படம் ஊமை. படத்தில் இல்லாததை வாசிக்கிற படம் பொய். எல்லாவற்றையும் சொல்லி முடித்து நான் பேனையை மூடும்போது, "இன்னொண்டு இரிக்கி" என்பார். எப்போதும் ஒன்று இருக்கும். அதைக் கடைசிக்கு வைத்திருப்பது அவருக்கு ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

உடுக்கிற சாரம் விற்கும் துணிக்கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் எல்லாப் படமும் ஊமை என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை இருந்தது.

"எழுத்து இரிக்கி காக்கா. நான் பாக்கிறன்."

"நீங்க பாக்கிறீங்க. நான் கேக்கல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சாரத்தத்தான் விக்கிறானா எண்டு கேளுங்க."

அரை நாள் போனது. கடைக்காரர் படங்களை முதலில் சிங்களப் பக்கத்தில் ஏற்றியிருந்தார். தமிழுக்கு எழுத வேண்டிய பெட்டியை ஒருவரும் நிரப்பாததால், தளம் சிங்கள வாசகத்தையே தமிழ்ப் பக்கத்துக்கும் எடுத்துக்கொண்டது. தமிழ்க் குரல் சிங்கள எழுத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். பெட்டிகளை நிரப்பினோம், பேசியது.

கல்யாண மண்டபத் தளம் ஒன்றில் படக்குறிப்பையும் மாற்று உரையையும் ஒரே வசனமாகப் போட்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டார். "நான் குருடன் தம்பி, செவிடன் இல்ல. ஒருக்காச் சொன்னா விளங்கும் எண்டு அவங்களுக்குச் சொல்லுங்க." அதற்கு அவர் சொல் 'அலட்டல்'.

எப்போதும் அவர் சொன்னது சரி என்றில்லை. மீன் மொத்த வியாபாரி ஒருவரின் தளம் முழுக்க ஊமை என்று சொல்லி என்னைக் காலையிலிருந்து லுஹர்த் தொழுகை வரை தேட வைத்தார். கடைசியில் அவர் அன்று மாட்டியிருந்த காதுப்பொறியின் வயர் பாதி கழன்றிருந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப இண்டைக்கு நான்தான் ஊமை" என்று சொல்லி மாலுபணிஸ் என்கிற மீன் பணிஸ் ஒன்று எடுத்துக் கடித்தார்.

பெண்கள் பாடசாலைத் தளம்தான் அவருக்கு அதிக வேலை கொடுத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்களின் படத்தை வெளியில் போடுவதற்குப் பல வீடுகளில் விருப்பமில்லை. ஆசிரியைகள் பக்கத்தில் பெயர், பாடம், தகைமை எல்லாம் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோசாப்பூ இருக்கும். அந்தப் பாடசாலையின் கணினி டீச்சர் கவனமானவர். மாற்று உரை கட்டாயம் எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருந்தபடி ஒன்றும் விடாமல் எழுதியிருந்தார். காக்கா கேட்கத் தொடங்கி, வேகத்தைக் குறைத்து, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"ரோசாப்பூ. ரோசாப்பூ. ரோசாப்பூ."

"என்ன இது, பள்ளிக்கூடமா பூக்கடையா?"

நான் டீச்சரைத் தொலைபேசியில் எடுத்தேன். "டீச்சர், பூ எண்டு போட வேணாமாம். ஆசிரியையின் பேரப் போடட்டாம்" என்றேன்.

"அப்பிடிப் போட்டா படத்தில அவ இரிக்கிறா எண்டு தானே சேர் கேக்கும்? அவட மாப்பிள்ள ஏசுவாரே" என்றார் டீச்சர்.

காக்கா அதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு யோசித்தார். "டீச்சர் சொல்றது சரி. பூ இரிக்கி, ஆள் இல்ல. அப்ப பூதான். ஆனா ஒருக்காப் போதும், மத்த எல்லாத்தையும் வெறுமையா விடுங்க."

இந்தப் பாடசாலையில்தான் அவருடைய மகள் படித்தாள். பரிசளிப்பு விழாவின் படங்களை டீச்சர் அனுப்பியபோது அதில் ஒன்று அவளுடையது. மேடையில் கேடயத்தோடு நிற்கிறாள். பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதால் நான் அவரிடம் கேட்டேன். அவர் போடுங்க என்றார். மாற்று உரையை அன்று அங்கேயே எழுதினோம். வேறெந்தப் படத்துக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"ஆக்கள் இரிக்கா?" என்றார், இருப்பது தெரிந்தும்.

"ஓம். ஒரு ஆள். மாணவி. வெள்ளைப் பர்தா."

"கேடயத்த எப்பிடிப் புடிச்சிரிக்கிறா?"

"ரெண்டு கையாலயும். நெஞ்சோட அணைச்சி."

"கமராவப் பாக்கிறாளா?"

"இல்ல. மேடைக்குக் கீழ. வலப்பக்கம் ஆரையோ பாத்துச் சிரிக்கிறா."

அவர் டீ கோப்பையைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

"அண்டைக்கு நான் முன்வரிசையில வலப்பக்கக் கரையில இருந்த" என்றார். "குருட்டு வாப்பாக்குச் சிரிச்சி என்ன பிரயோசனம் எண்டு அவக்குத் தெரியாதே. மோட்டுப் புள்ள."

பல் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, மேல்பல் ஒன்று கொஞ்சம் முன்னுக்கு என்றேன். அதையும் போடுவோமா என்று கேட்டுவிட்டு, தானே தலையை ஆட்டினார். "வேணாம். அலட்டல்." கடைசியில் எழுதியது இது: வெள்ளைப் பர்தா அணிந்த மாணவி ஒருவர், கேடயத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி, மேடைக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அடுத்த வருடம் டெங்குக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை மௌத்தானது. நான் ஜனாஸாவுக்குப் போனேன். மழை. அவர் மையவாடிக்கு ஒரு மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன்பிறகு வந்த முதல் புதன்கிழமை அவர் வந்தார். கதிரை இடம் மாறியிருக்கிறது என்று குறை சொன்னார். உண்மையில் மாறித்தான் இருந்தது. வேலையைத் தொடங்கினோம்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சில நாளில் அவருடைய மனைவி பாடசாலைக்குப் போய், மகளின் படத்தைத் தளத்திலிருந்து எடுக்கச் சொன்னார். மௌத்தான பிள்ளையின் முகம், அதுவும் குமர்ப்பிள்ளையின் முகம், கண்டவன் எல்லாம் பார்க்கிற இடத்தில் கிடக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்கள் ஊரில் பலருக்கும் அப்படித்தான். கணினி டீச்சர் அன்றே எடுத்தார். படத்தை அழித்தால் பக்கத்தில் வெற்றிடம் விழும் என்று, பாடசாலை மண்டபத்தின் படத்தை அதே கோப்புப் பெயரில் மேலே ஏற்றினார். படக்குறிப்பை மூன்று மொழியிலும் மாற்றினார். மாற்று உரையை ஆங்கிலத்தில் மாற்றினார், சிங்களம் அதோடு மாறியது. எனக்கும் சொன்னார். நான் மூன்று பக்கத்தையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் மண்டபம். கீழே 'பிரதான மண்டபம்' என்ற வாசகம். முகம் போய்விட்டது. முகம் போனால் ஆள் போய்விட்டது என்று நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு தவணையும் காக்கா அந்தத் தளத்தைக் கேட்டார். நூலகப் பக்கத்தில் ஊமை, விளையாட்டுப் பக்கத்தில் அலட்டல் என்று சொல்வார். பரிசளிப்புப் பக்கம் எப்படி என்று நான் கேட்பேன்.

"அது சரி" என்பார்.

ஒக்டோபர் 12 ஆம் திகதி அவர் வந்தபோது படியில் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்க்கடை வாசலில் பெட்டி இருந்தது. கதிரையில் இருந்தார். தளபாடக் கடை ஒன்றின் தளத்தை எடுத்தோம். கட்டிலுக்கு அலுமாரி என்று வாசிக்கிறது, பொய், என்றார். திருத்தினேன். பகல் மாலுபணிஸ் தின்றார், பாதியை வைத்துவிட்டார். பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன் நான் பேனையை மூடினேன்.

"இன்னொண்டு இரிக்கி" என்றார்.

"கட்டில் பக்கத்திலயா காக்கா?"

"பள்ளிக்கூடத் தளத்தில. பரிசளிப்புப் பக்கம். தமிழ். ரெண்டாவது படம். பொய்."

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மண்டபம் இருந்தது. உள்ளே போய்த் தமிழுக்கான பெட்டியைத் திறந்தேன். அந்த வசனம் ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது. தமிழ்ப் பெட்டி நாங்கள் நிரப்பியது என்பதால் அந்தப் பக்கம் தன் மாற்று உரையைத் தனியாக வைத்துக்கொண்டது. படம் மாறினாலும், ஆங்கிலம் மாறினாலும் அதற்குத் தெரியாது. டீச்சர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

"எப்பயிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"எடுத்த அண்டையிலிருந்து. எடுத்தாச்சி எண்டு சொன்னாங்க, இல்லையா எண்டு பாக்கத்தான் போன. இருந்திச்சி." தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "மறுகா தினமும் போற. அவட உம்மாக்கு முன்னாலயே போட்டுக் கேப்பன். அந்த வேகத்தில அவக்கு விளங்காது. ஆருக்கும் விளங்காது."

"பிறகு?"

"ஃபோன் தண்ணியில விழுந்திச்சி. திருத்தக் குடுத்த. திருத்தினவன் வேகத்தக் குறைச்சி வச்சிட்டான். எனக்குத் தெரியா. திங்கக்கிழமை குசினி வாசல்ல இருந்து அந்தப் படத்தத் தொட்ட. நீங்க கதைக்கிற மாதிரி ஆறுதலா வாசிச்சிச்சி. அவ மீன் வெட்டிட்டு இருந்தா."

வெளியில் பஸ் ஒன்று நின்று, அக்கரைப்பற்று என்று கூவிவிட்டுப் போனது.

"என்ன சொன்னா?"

"கத்திச் சத்தம் நிண்டிச்சி. மறுகா வெட்டினா. ராவு, 'அது எங்கட புள்ளையா' எண்டு கேட்டா. ஓம் எண்ட. 'நான் எடுக்கச் சொன்னனே' எண்டா. அவ்வளவுதான்."

நான் சொன்னேன், "விட்டிருவம் காக்கா. ஊட்டில ராத்தாட்ட நான் கதைக்கிறன். முகம் இல்லையே. ஒரு வசனம்தானே. ஆருக்கும் தெரியாது."

"தெரியாது எண்டுதான் இவ்வளவு நாளும் வச்சிருந்த. இப்ப அவக்குத் தெரியும். அவ எடுக்கச் சொன்னது படத்தையா? புள்ளைய." தொலைபேசியை மடியில் வைத்தார். "அதோட, அது பொய் தம்பி. வேறொரு குருடன் வந்து கேட்டா என்ன நினைப்பான்? மண்டபம் கேடயத்தத் தூக்கிட்டு ஆரையோ பாத்துச் சிரிக்குது எண்டு நினைப்பான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சீக்கிரம் நிறுத்தினோம்.

அந்த வசனத்தை அவருடைய தொலைபேசிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். குறுஞ்செய்தியாக வைத்துக்கொள்ளலாம், வேண்டிய நேரம் கேட்கலாம்.

"எதுக்கு? எனக்கு மனப்பாடம்."

"பாடம் எண்டா ஏன் தினமும் போனீங்க?"

கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் பதில் சொன்னார், பிழை ஒன்றைச் சொல்கிற அதே குரலில். "என்ட வாயால நான் சொல்லிக் கேட்டா அது நினைப்பு. எங்கட ஊட்டில ஆரும் அவவப் பத்திக் கதைக்கிறல்ல. அங்க போனா வேற ஒரு ஆள் சொல்லுது. சிரிக்கிறா எண்டு. சிரிச்சா எண்டு இல்ல."

பெட்டிக்குள் கர்சர் வசனத்தின் கடைசியில் நின்று மினுங்கிக்கொண்டிருந்தது. அழிப்பதற்கு விசையில் விரல் வைத்தபோது மின்சாரம் போனது. அந்த நாட்களில் மின்வெட்டு வழமை, ஆனால் எங்கள் பகுதிக்கு அன்று அந்த நேரம் இல்லை. திரை கறுத்தது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"போயிட்டா?" என்றார்.

"ஓம். கரண்ட்."

"அப்ப நாளைக்குச் செய்ங்க. மறக்க வேணாம். அவட்ட நாளைக்கு எடுத்தாச்சி எண்டு சொல்லுவன்."

படியில் இறங்கும்போது கையைப் பிடிக்கப் போனேன். தேவையில்லை என்றார். கீழ்க்கடை வாசலில் நின்று, "இந்தப் பெட்டி இன்னும் இரிக்கி" என்று மருந்துக்கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். ஓட்டோ வந்தது. ஏறியதும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். தகரத்தில் குறுணல் கொட்டும் சத்தம் கேட்கவில்லை. ஏதோ ஒரு பெண்குரல் ஆறுதலாக வாசித்தது. என்ன வாசித்தது என்று ஓட்டோச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் சில மாதம் வந்தார். அடுத்த வருடம் நோன்புக்கு முன் அவரும் மனைவியும் மூத்த மகனோடு இருக்க அக்குறணைக்குப் போனார்கள். அவருடைய கதிரை சுவரோரத்தில் இருக்கிறது. இப்போது பிழைகளை நானே தொலைபேசியை மெதுவான வேகத்தில் போட்டுக் கேட்கிறேன். ஊமையைக் கண்டுபிடிக்கிறேன். பொய் சிலது தப்பிவிடுகிறது.

அன்று பின்னேரம் மின்சாரம் வரும் முன்பே அலுவலகத்தைப் பூட்டினேன். வீட்டில் சோறு தின்றேன். நேரத்துக்குப் படுத்தேன்.

மறுநாள், 13 ஆம் திகதி வியாழக்கிழமை காலை, மேசையைத் துடைக்கவில்லை, தண்ணீர்ப் போத்தலை நிரப்பவில்லை. முதல் வேலையாகப் பரிசளிப்புப் பக்கத்தின் தமிழ்ப் பெட்டியைத் திறந்து, அந்த வசனத்தை ஒரு தரம் வாசித்து, அழித்தேன். பிறகு மண்டபத்தின் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். பாடசாலை விடுமுறையில் எடுத்த படம். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. முற்றத்தில் ஒரு சைக்கிள் கூட இல்லை. அவர் எப்போதும் முதலில் கேட்பதை முதலில் எழுதினேன்.

ஆட்கள் இல்லை. முற்றத்துக்குப் பின்னால் இரண்டு மாடி மண்டபம்.

சேமித்தேன்.